பள்ளியில் வெளிநாட்டு மொழி: பிள்ளையின் விருப்பம் படிவத்தில் ஏறும்வரை செய்ய வேண்டியவை

ஐந்தாம் வகுப்பு முடியும்போதோ, எட்டு முடியும்போதோ, பிளஸ் ஒன் சேரும்போதோ பள்ளி ஒரு தாளைக் கொடுத்து 'மொழி விருப்பம்' என்ற கட்டத்தில் டிக் போடச் சொல்லும். மறுநாள் காலை வேன் வருவதற்குள் அப்பாவோ அம்மாவோ நிரப்பிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அடுத்த மூன்று, நான்கு வருடம் அந்த மொழியோடு உட்காரப்போகிற பிள்ளையிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று உண்டு. அந்தத் தாள் கைக்கு வரும்போது முக்கால்வாசி முடிவு ஏற்கெனவே ஆகியிருக்கும். ஆசிரியர் யார், புத்தகம் எது, டைம்டேபிளில் எந்தப் பீரியட் என்பதெல்லாம் பொங்கலுக்கும் முழு ஆண்டுத் தேர்வுக்கும் இடையில் பள்ளி அலுவலகத்தில் பேசி முடிந்துவிடும். பிள்ளையின் குரல் எடுபட வேண்டுமென்றால் அதற்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். சேலத்திலும் ஏற்காட்டிலும் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோரும், எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கிற பிள்ளைகளும் சேர்ந்து படித்துப் பயன்படுத்தட்டும் என்றுதான் இந்தக் கட்டுரை.

1. எந்த போர்டு, எந்த வகுப்பு என்று முதலில் பாருங்கள்

பிரெஞ்சு எடுக்கலாமா, ஜெர்மன் எடுக்கலாமா என்ற பேச்சுக்கு முன்னால், உங்கள் போர்டில் அதற்கு இடம் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

ஸ்டேட் போர்டு, மெட்ரிக் பள்ளிகளில் 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி பத்தாம் வகுப்புவரை பகுதி-1 மொழி தமிழ்தான். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று 500 மதிப்பெண்ணுக்கு நடக்கும். ஆகவே பத்துக்குக் கீழே மெட்ரிக் பள்ளியில் நடக்கும் பிரெஞ்சு வகுப்பு, பள்ளி தானாக நடத்தும் கூடுதல் வகுப்பு. பொதுத்தேர்வுச் சான்றிதழில் அது வராது. பதினொன்றாம் வகுப்பில்தான் கதவு திறக்கிறது. பகுதி-1-இல் தமிழுக்குப் பதிலாக பிரெஞ்சு, ஜெர்மன், அரபு, இந்தி, சமஸ்கிருதம் போன்றவற்றில் ஒன்றை எடுக்கலாம். பகுதி-2 எல்லோருக்கும் ஆங்கிலம். மொழித்தாளுக்கு எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. போர்டு பட்டியலில் ஒரு மொழி இருக்கிறது என்பதற்காக உங்கள் பள்ளியில் அது இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அரசுப் பள்ளிகளில் பெரும்பாலும் தமிழ் மட்டும்தான் இருக்கும்.

சி.பி.எஸ்.இ. பள்ளியில் ஒவ்வொரு மொழிக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. தமிழ் 006, பிரெஞ்சு 018, ஜெர்மன் 020. ஒன்பதாம் வகுப்பில் போர்டுக்குப் பதிவு அனுப்பும்போது இந்த எண்தான் போகும், பத்தாம் வகுப்புத் தேர்வும் அதில்தான். 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, மூன்று மொழிகளில் குறைந்தது இரண்டு இந்திய மொழிகளாக இருக்க வேண்டும் என்கிறது. கொரியம், ஜப்பானியம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம் போன்றவற்றை உயர்நிலை வகுப்புகளில் தரலாம் என்றும் சொல்கிறது. இன்னொரு பக்கம், தமிழ்நாட்டில் இருக்கும் சி.பி.எஸ்.இ., ஐ.சி.எஸ்.இ. பள்ளிகளும் 2015-16 முதல் ஒன்றாம் வகுப்பிலிருந்து படிப்படியாகத் தமிழ் கற்பிக்க வேண்டும் என்று மாநில அரசின் ஆணை இருக்கிறது. இவற்றை வைத்து ஒவ்வொரு பள்ளியும் தனக்கென ஓர் ஏற்பாடு செய்திருக்கும். அதனால் 'செகண்ட் லாங்வேஜ் எது, தேர்டு லாங்வேஜ் எது, எது போர்டு தேர்வுக்குப் போகும், எது வகுப்போடு நிற்கும்' என்று இந்த வருடத்துச் சுற்றறிக்கையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அண்ணன் படித்தபோது இருந்த விதி தம்பிக்கும் இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

ஐ.சி.எஸ்.இ.யில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு ஆங்கிலத்தோடு இரண்டாம் மொழி ஒன்று கட்டாயம். அது இந்திய மொழியாகவோ வெளிநாட்டு மொழியாகவோ இருக்கலாம். இங்கேயும் ஒன்பதாம் வகுப்புப் பதிவோடு முடிவு உறுதியாகிவிடும்.

2. பிள்ளையிடம் கேளுங்கள், ஆனால் 'உனக்கு எது பிடிக்கும்' என்று கேட்காதீர்கள்

அந்தக் கேள்விக்கு 'தெரியல' என்று பதில் வரும், அல்லது பக்கத்து பெஞ்சில் இருப்பவர் எடுத்த மொழியின் பெயர் வரும். கீழே இருக்கிற நான்கையும் தனித்தனியாக, வேறு வேறு நாளில் கேளுங்கள். ஒரே மூச்சில் கேட்டால் விசாரணை போல ஆகிவிடும்.

முதல் கேள்வி: இந்த மொழி வந்துவிட்டால் அதை வைத்து என்ன செய்வாய்? அனிமேவை சப்டைட்டில் இல்லாமல் பார்க்க வேண்டும், கொரியப் பாட்டு புரிய வேண்டும், ஜெர்மனியில் இன்ஜினியரிங் படிக்க வேண்டும் என்று எது சொன்னாலும் அது நல்ல காரணம்தான். பெரியவர்களுக்கு அற்பமாகத் தெரிகிற காரணங்கள்தான் பல நேரம் மூன்று வருடம் தாக்குப்பிடிக்கும். அதைக் கேட்டுச் சிரித்துவிட்டால் அடுத்த கேள்விக்கு உண்மையான பதில் வராது.

இரண்டாவது: உன் சிநேகிதர் அந்த மொழியை விட்டுவிட்டு வேறு எடுத்தால் நீ என்ன செய்வாய்? பதில் சொல்லத் தயங்கினால் அந்த விருப்பம் மொழி மேல் வந்ததாக இருக்காது. அதற்காக உடனே மறுத்துவிட வேண்டாம், மற்ற மூன்று பதில்களோடு சேர்த்துப் பாருங்கள்.

மூன்றாவது: எதிலிருந்து தப்பிக்கப் பார்க்கிறாய்? பிளஸ் ஒன்னில் பிரெஞ்சு எடுப்பவர்களில் கணிசமானவர்கள் தமிழ்ச் செய்யுள் மனப்பாடத்துக்கும் இலக்கணத்துக்கும் பயந்து எடுக்கிறார்கள். பிள்ளைக்குத் தமிழில் எது கஷ்டம் என்று கண்டுபிடித்தால் பல நேரம் மொழியையே மாற்ற வேண்டிய அவசியம் இருக்காது. இன்னொன்றையும் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளில் பத்தாம் வகுப்புத் தரத்தில் தமிழ்த் தகுதித் தாள் இருக்கிறது, அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற தாளைத் திருத்தவே மாட்டார்கள். பதினைந்து வயதில் தமிழை விட்டவர்கள் இருபத்திரண்டு வயதில் திரும்பவும் எடுத்துப் படிக்க வேண்டிவரும்.

நான்காவது: வாரத்துக்கு எத்தனை நாள், எந்த நேரத்தில் வீட்டில் படிப்பாய்? ஏற்கெனவே டியூஷன், ஹிந்தி பிரச்சார சபா வகுப்பு, பாட்டு வகுப்பு என்று மாலை முழுக்க நிரம்பிய பிள்ளைக்கு எந்த மொழியும் ஏறாது. அப்படியானால் எதை நிறுத்துவது என்று இப்போதே பேசி முடிவு செய்யுங்கள்.

கேட்டதோடு விடாமல், படிவம் கொடுப்பதற்கு முன் இரண்டு வாரம் ஒத்திகை பாருங்கள். தினமும் 15 நிமிடம் போதும். ஜப்பானியம் என்றால் ஹிரகானா எழுத்து 46, நாளுக்கு ஐந்து வீதம் பத்து நாளில் முடியும். பிரெஞ்சு, ஜெர்மன் என்றால் ஒன்றிலிருந்து நூறுவரை எண்ணிக்கையும், தன்னைப் பற்றி ஐந்து வாக்கியமும். பிரெஞ்சில் எழுத்து ஒன்று, உச்சரிப்பு வேறொன்று என்பதும், ஜெர்மனில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் மூன்றில் ஒரு பாலைச் சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டும் என்பதும் இந்த இரண்டு வாரத்தில் பிள்ளைக்கே புரிந்துவிடும். ஜப்பானியத்திலும் கொரியத்திலும் தமிழைப் போலவே வினைச்சொல் கடைசியில் வரும், அதனால் வாக்கிய அமைப்பு நம் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் பிடிபடும். எழுத்தைப் பார்த்துப் பயப்படுகிற பெற்றோர் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டு வாரம் கழித்துப் பிள்ளை 'வேண்டாம்' என்றால், அதையும் ஒரு முடிவாக மதியுங்கள்.

3. 'மார்க் வரும்' என்ற பேச்சைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

பிரெஞ்சு எடுத்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நிச்சயம் என்று சொல்லித்தான் பிளஸ் ஒன்னில் சேர்க்கிறார்கள். மார்க் வரலாம். ஆனால் அது எதற்குப் பயன்படுகிறது? தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வின் கட்-ஆஃப் 200-இல் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. மொழி மதிப்பெண்ணுக்கு அங்கே இடமில்லை. மருத்துவம் நீட் மதிப்பெண்ணில் நடக்கிறது. மொழி மார்க் கூடுவதால் 600-க்கான மொத்தம் கூடும், அதற்காகக் கொடுக்கும் உழைப்பும் கட்டணமும் தகுமா என்று பிள்ளையோடு உட்கார்ந்து பேசுங்கள்.

நேரத்தையும் கணக்கிடுங்கள். எந்த ஐரோப்பிய மொழியிலும் முதல் நிலையான ஏ1-ஐத் தொட ஏறக்குறைய 100 மணி நேரம் வகுப்பு வேண்டும். வாரத்துக்கு 40 நிமிடப் பீரியட் நான்கு, வருடத்தில் உண்மையாக வகுப்பு நடக்கும் 32 வாரம் என்று வைத்தால் 85 மணி நேரம் கிடைக்கும். வாரத்துக்கு இரண்டு பீரியட்தான் என்றால் வருடத்துக்கு 43 மணி நேரம்கூட முழுதாகத் தேறாது. ஆறு, ஏழு, எட்டு மூன்று வருடமும் சேர்த்து 128. அதாவது மூன்று வருடம் படித்தும் முதல் படியில்தான் நிற்கும். இதைத் தெரிந்து எடுத்தால் ஏமாற்றம் இல்லை.

4. பள்ளியிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை

வாய்ப்பேச்சில் எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' வரும். ஈமெயிலிலோ டைரியிலோ எழுதிக் கேளுங்கள்.

இந்த மொழி எந்த வகுப்புவரை நடக்கும்? எட்டோடு நின்றுபோகிற மொழியை ஆறில் எடுத்தால் ஒன்பதில் பிள்ளை தமிழிலோ இந்தியிலோ மூன்று வருடம் பின்தங்கிப் போய் உட்கார வேண்டும். மிக அதிகமாக நடக்கிற விபத்து இதுதான்.

ஆசிரியர் முழுநேரமா, வாரத்துக்கு இரண்டு நாள் வருபவரா? அவர் எந்த நிலைத் தேர்வு முடித்திருக்கிறார்? பத்தாம் வகுப்புக்கு எடுப்பவர் பி2 நிலையாவது (ஏ1-இல் தொடங்கும் ஆறு படிகளில் நான்காவது) முடித்திருப்பது நல்லது. நடுவில் அவர் போய்விட்டால் பள்ளி என்ன செய்யும்? சேலத்தில் பிரெஞ்சு, ஜெர்மன் ஆசிரியர்கள் குறைவு, நடு வருடத்தில் ஆள் மாறுவது இங்கே அபூர்வமான விஷயம் இல்லை.

மொழிப் பீரியட் எல்லாப் பிரிவுகளுக்கும் ஒரே நேரத்தில் நடக்கிறதா? இதை யாரும் கேட்பதில்லை, ஆனால் விருப்பத்தின் தலையெழுத்து இதில்தான் இருக்கிறது. ஏ, பி, சி மூன்று பிரிவுக்கும் ஒரே பீரியடில் மொழி வகுப்பு வைத்தால், பிள்ளைகள் பிரிந்து தமிழ் அறை, இந்தி அறை, பிரெஞ்சு அறை என்று போய் உட்காரலாம். அப்படி இல்லாவிட்டால் ஒரு பிரிவு முழுக்க ஒரே மொழி என்று ஆகும். பிறகு மொழிக்காகப் பிரிவு மாற வேண்டும், பிரிவு மாறினால் நண்பர்கள் மாறுவார்கள், வகுப்பாசிரியர் மாறுவார்.

5. மாதக் கணக்கு

அக்டோபர், நவம்பர்: பிள்ளையோடு பேச்சு, இரண்டு வார ஒத்திகை. டிசம்பர்: அரையாண்டுத் தேர்வு தொடங்குவதற்குள் பள்ளிக்கு எழுத்தில் கோரிக்கை. ஜனவரி, பிப்ரவரி: பள்ளி புத்தக ஆர்டர் போடும், ஆசிரியர்களை உறுதிசெய்யும், அதற்குள் பதில் வாங்க வேண்டும். சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் புது வருடம் ஏப்ரலில் தொடங்கிவிடும், ஸ்டேட் போர்டில் ஜூன். பிளஸ் ஒன் சேர்பவர்களுக்கு அவகாசம் மிகக் குறைவு. பத்தாம் வகுப்பு முடிவு மே மாதம் வந்த சில நாளிலேயே சேர்க்கை முடிந்துவிடும், ஆகவே பிளஸ் ஒன் மொழி எது என்பதைப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுவதற்கு முன்பே வீட்டில் பேசி வையுங்கள்.

6. பள்ளியில் இல்லாத மொழி வேண்டுமென்றால்: மாணவர்கள் செய்ய வேண்டியது

இந்தப் பகுதி பிள்ளைகளுக்கு. பெரியவர்கள் பின்னால் நின்றால் போதும்.

ஒருவர் கேட்டால் அது தனிப்பட்ட ஆசை. ஒரு வகுப்பே எண்ணிக்கையோடு கேட்டால் பள்ளி யோசித்தாக வேண்டும். குறைந்தபட்சம் எத்தனை பேர் இருந்தால் ஒரு மொழி தொடங்கலாம் என்பதைப் பள்ளிதான் தீர்மானிக்கிறது. முதலில் அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். எண் தெரியாமல் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனால் 'இன்னும் கொஞ்சம் பேர் வேண்டும்' என்ற பதில் முடியவே முடியாது.

பிறகு வகுப்பாசிரியர் அனுமதியோடு ஒரு விருப்பக் கணக்கெடுப்பு நடத்துங்கள். ஒரு பக்கத் தாள் போதும். அதில் வகுப்பு, பிரிவு. வீட்டில் பேசும் மொழி. முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம். 'புதிய மொழி வேண்டாம்' என்ற கட்டம். எதற்காக வேண்டும் என்று ஒரு வரி. இந்தப் பள்ளியில் எந்த வகுப்புவரை படிப்பீர்கள். பள்ளி முடிந்த பிறகு வகுப்பு வைத்தால் வர முடியுமா, முடியாதா. இவ்வளவுதான்.

வீட்டு மொழியைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. சேலத்தில் தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம், உருது பேசும் வீடுகள் ஏராளம். அந்தப் பிள்ளை ஏற்கெனவே வீட்டு மொழி, தமிழ், ஆங்கிலம் என்று மூன்றைச் சுமக்கிறது. அதற்கு மேல் வருவது நான்காவது. சிலருக்கு அது சுலபம், சிலருக்கு மூச்சு முட்டும். திட்டம் போடுபவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

கடைசிக் கேள்வியும் முக்கியம். புது மொழியைப் பள்ளி பெரும்பாலும் மாலை நான்கு மணிக்கு மேல் வைக்கத்தான் முன்வரும். வேனில் போகிறவர்களும், ஏற்காட்டு மலைக்கிராமங்களுக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்களும் அப்போதே கழன்றுவிடுவார்கள். விருப்பம் இருந்தும் பஸ் இல்லாததால் வர முடியாதவர்களின் எண்ணிக்கை தாளில் தனியாகத் தெரிந்தால், மதிய இடைவேளைக்கு முந்தைய பீரியட், சனிக்கிழமைக் காலை என்று மாற்று வழி கேட்க முடியும்.

கணக்கெடுப்பில் மூன்று விஷயத்தில் பிசகாதீர்கள். தாளை ஒவ்வொருவரும் தனியாக நிரப்ப வேண்டும், கை தூக்கச் சொல்லி எண்ணினால் முதல் பெஞ்சு தூக்கியதையே எல்லோரும் தூக்குவார்கள். மொழி ஆசிரியரே தாளை வாங்கக் கூடாது, அவர் முகத்துக்காக டிக் விழும். முடிவை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள், 'வேண்டாம்' என்று சொன்னவர்கள் எண்ணிக்கை உட்பட. நமக்குச் சாதகமான எண்ணை மட்டும் காட்டினால் அடுத்த வருடம் யாரும் தாளை நிரப்ப மாட்டார்கள்.

அதன் பிறகு கடிதம். இந்த அளவுக்கு இருந்தால் போதும்:

'மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் அம்மா அவர்களுக்கு, வணக்கம். எட்டாம் வகுப்பு ஏ, பி, சி பிரிவு மாணவர்கள் எழுதிக்கொள்வது. அடுத்த கல்வியாண்டில் ஜெர்மன் மொழி தொடங்குவது பற்றி எங்கள் வகுப்பில் கணக்கெடுப்பு நடத்தினோம். முதல் விருப்பமாக ___ பேர், இரண்டாம் விருப்பமாக ___ பேர், வேண்டாம் என்று ___ பேர் சொல்லியிருக்கிறார்கள். பள்ளி நேரத்துக்குப் பின் வர முடியாதவர்கள் ___ பேர். இது பற்றிப் பேச எங்களில் பிரிவுக்கு இருவர் வீதம் ஆறு பேருக்கு இருபது நிமிடம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். முடிவு எதுவானாலும் காரணத்தோடு ஜனவரி மாதத்துக்குள் தெரிவித்தால் நன்றியுடையவர்களாக இருப்போம்.'

கடிதத்தில் 'முடிவு எதுவானாலும் காரணத்தோடு' என்ற வரியை விட்டுவிடாதீர்கள். தம்மைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்லவும் அந்தக் கருத்துக்கு உரிய மதிப்புப் பெறவும் பிள்ளைகளுக்கு உரிமை உண்டு என்று ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு சொல்கிறது. இந்தியா அதை 1992-இல் ஏற்றது. கேட்ட மொழியைப் பள்ளி தந்தே ஆக வேண்டும் என்று அதற்கு அர்த்தமில்லை. ஆனால் ஏன் முடியாது என்று தெரிந்துகொள்ளும் இடம் பிள்ளைகளுக்கு இருக்கிறது.

வழக்கமாக மூன்று பதில் வரும். 'ஆசிரியர் கிடைக்கவில்லை' என்றால், பக்கத்துப் பள்ளியோடு ஓர் ஆசிரியரைப் பகிர்ந்துகொள்ள முடியுமா என்று கேளுங்கள். திங்கள், புதன் ஒரு பள்ளி, செவ்வாய், வியாழன் இன்னொன்று என்று வைத்தால் அவருக்கும் சம்பளம் கட்டுபடியாகும். 'ஆள் குறைவு' என்றால், எட்டையும் ஒன்பதையும் சேர்த்துத் தொடக்க நிலை வகுப்பு ஒன்று வைக்கலாமா என்று கேளுங்கள், தொடக்க நிலையில் வயது வித்தியாசம் பெரிய தடையில்லை. 'டைம்டேபிளில் இடமில்லை' என்றால், ஒரு வருடம் தேர்வு இல்லாத கிளப்பாக நடத்தச் சொல்லுங்கள். கிளப் ஒரு வருடம் ஆள் குறையாமல் நடந்தால் அதுவே அடுத்த வருடத்துக்குச் சான்று.

பெற்றோர் பேச வேண்டிய இடமும் உண்டு. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. சி.பி.எஸ்.இ. பள்ளியின் நிர்வாகக் குழுவில் பெற்றோர் இருவர் இருக்க வேண்டும் என்பது போர்டு விதி, அவர்கள் யார் என்று அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். மெட்ரிக் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் கழகம். எங்கே போனாலும் பிள்ளைகளின் கடிதத்தை முன்னால் வையுங்கள், உங்கள் கருத்தைப் பின்னால் சொல்லுங்கள்.

7. ஏற்காடு விடுதி மாணவர்களுக்கு

உறைவிடப் பள்ளியில் பிள்ளை இருந்தால் படிவம் தபாலிலோ ஈமெயிலிலோ பெற்றோருக்கு நேராகப் போய்விடும், பிள்ளை அதைக் கண்ணால்கூடப் பார்க்காது. விடுமுறைக்கு வந்திருக்கும்போதே பேசி, முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம், காரணம் மூன்றையும் பிள்ளையின் கையெழுத்திலேயே எழுதி வாங்கி, படிவத்தோடு இணைத்து அனுப்புங்கள். விடுதியில் ஆன்லைன் வகுப்புக்குச் சேர்ப்பதாக இருந்தால் பணம் கட்டுவதற்கு முன் வார்டனிடம் மாலை ஸ்டடி நேரம், லேப்டாப் அனுமதி, மழைக்காலத்தில் இணையம் நிற்குமா என்பதைக் கேட்டுவிடுங்கள்.

8. செலவு

பள்ளிக் கட்டணத்துக்குள் மொழி அடங்குமா, தனியா என்று கேட்டு, தனி என்றால் மொழியின் பெயர் எழுதிய ரசீது வாங்குங்கள். தனியார் பள்ளிகளுக்குக் கட்டணம் நிர்ணயிக்க மாநிலத்தில் குழு இருக்கிறது, ரசீது இல்லாத வசூலுக்கு நீங்கள் உடன்பட வேண்டியதில்லை. அடுத்தது புத்தகம். வெளிநாட்டுப் பதிப்பகத்தின் பாடநூலும் பயிற்சிநூலும் சேர்ந்தால் மற்றப் பாடங்கள் எல்லாவற்றையும்விட விலை கூடிவிடும். சீனியரிடம் வாங்குவதானால் அதே பதிப்பா, பயிற்சிநூலில் விடை எழுதப்படாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பள்ளிக்கு வெளியே மொழி நிறுவனங்கள் நடத்தும் வெளித் தேர்வு எழுதினால் தேர்வுக் கட்டணம், சென்னைப் பயணம், ஒரு இரவுத் தங்கல், கூட ஒரு பெரியவர்.

சேலத்தில் இருக்கிற தனியார் ஜெர்மன் மையங்கள் பெரும்பாலும் நர்சிங் முடித்தவர்களையும் மேற்படிப்புக்குப் போகிறவர்களையும் மனதில் வைத்து நடப்பவை. வேகம் அதிகம். பதின்மூன்று வயதுப் பிள்ளையைச் சேர்ப்பதற்கு முன் அந்த பேட்சில் என்ன வயதினர் இருக்கிறார்கள் என்று ஒரு வகுப்பு உட்கார்ந்து பாருங்கள்.

9. வெளித் தேர்வு எழுதுவதானால்

பள்ளி மார்க் வேறு, மொழித் திறன் வேறு. பிளஸ் டூ பிரெஞ்சில் நல்ல மார்க் எடுத்த பிள்ளை பேசத் தெரியாமல் நிற்பதுண்டு. அளந்து பார்க்க வெளித் தேர்வுதான் வழி.

பிரெஞ்சுக்கு டெல்ஃப். 12 முதல் 17 வயதினருக்கு ஜூனியர் பிரிவு உண்டு. கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் நான்குக்கும் தலா 25, தேர்ச்சிக்கு மொத்தம் 50 வேண்டும், ஒவ்வொன்றிலும் குறைந்தது 5. சான்றிதழ் காலாவதியாகாது. சென்னை அலியான்ஸ் பிரான்சேஸில் நடக்கிறது. ஜெர்மனுக்கு கெதே நிறுவனத்தின் சிறுவர் தேர்வுகள் இருக்கின்றன, சென்னையில் அதை மாக்ஸ் முல்லர் பவன் என்றால் எல்லோருக்கும் தெரியும். ஜப்பானியத்துக்கு ஜே.எல்.பி.டி., வருடத்தில் இரண்டு முறை, ஜூலை, டிசம்பர் மாதங்களின் முதல் ஞாயிறு. தொடக்க நிலை என்5: மொத்தம் 180-க்கு 80 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் மொழியறிவு-வாசிப்புப் பகுதியில் 120-க்கு 38, கேட்டலில் 60-க்கு 19 குறையக் கூடாது. இதில் பேச்சுத் தேர்வு கிடையாது. தேர்வுக்குச் சில மாதம் முன்பே பதிவு முடிந்துவிடும். கொரியம் படிக்க சென்னையில் இன்கோ மையம் இருக்கிறது.

பயணத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று. பிரெஞ்சுத் தேர்வில் எழுத்து ஒரு நாளும் பேச்சு இன்னொரு நாளும் வரலாம். அழைப்புக் கடிதத்தில் இரண்டு தேதியும் வருமுன் திரும்பும் டிக்கெட் எடுக்காதீர்கள். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. ஏற்காடு எக்ஸ்பிரஸில் இரவு ஏறி விடிகாலை சென்ட்ரலில் இறங்கலாம் என்றாலும், தூக்கம் கெட்ட பிள்ளைக்குக் கேட்டல் தேர்வில்தான் முதல் அடி விழும். முடிந்தால் முந்தைய நாளே போய்விடுங்கள்.

10. பெயர், இனிஷியல், ஆவணங்கள்

நம் ஊரில் பிள்ளையின் பெயர் ஆதாரில் ஒரு மாதிரி, பள்ளிப் பதிவேட்டில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி இருக்கும். பள்ளியில் 'எஸ். கவின்', பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயரோடு 'கவின் செந்தில்'. வெளித் தேர்வுச் சான்றிதழை நாளைக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் காட்டுவதானால் பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே பதிவு செய்யுங்கள். பாஸ்போர்ட் இல்லையென்றால் ஆதாரைச் சரிசெய்த பிறகு பதிவு செய்யுங்கள்.

ஒன்பதாம் வகுப்பில் பள்ளி போர்டுக்கு அனுப்பும் விவரத்தின் நகலைக் கேட்டு வாங்கி, பெயரோடு மொழிக் குறியீட்டையும் பாருங்கள். பிள்ளை வகுப்பில் உட்கார்ந்தது பிரெஞ்சு, பதிவில் வேறு எண் என்று இருந்தால் அதைத் திருத்த வேண்டிய நேரம் அப்போதுதான். பத்தாம் வகுப்பு நடுவில் கண்டுபிடித்தால் போர்டு அனுமதிக்கு அலைய வேண்டிவரும்.

11. நடுவில் மாற்ற வேண்டி வந்தால்

பிள்ளை முதல் மாதத்திலேயே சொன்னால் கேளுங்கள். பள்ளி தொடங்கி நான்கு, ஐந்து வாரத்துக்குள் பள்ளி அளவிலேயே மாற்றிவிடலாம், புத்தகச் செலவு மட்டும்தான் நஷ்டம். காலாண்டுத் தேர்வு தாண்டிவிட்டால் எந்தப் பள்ளியும் தயங்கும். ஒன்பதிலும் பிளஸ் ஒன்னிலும் இந்த அவகாசம் இன்னும் குறைவு. ஆகவே படிவத்தைக் கொடுக்கும் அன்றே, 'பிடிக்காவிட்டால் எந்தத் தேதிக்குள் மாற்றலாம்' என்று அலுவலகத்தில் கேட்டு, பிள்ளையின் டைரியில் அந்தத் தேதியைப் பிள்ளையே எழுதிக்கொள்ளட்டும்.

வேலை மாற்றல் வரக்கூடிய குடும்பம் என்றால் கூடுதல் எச்சரிக்கை தேவை. போகிற ஊர்ப் பள்ளியில் ஜப்பானியமோ ஸ்பானியமோ இருக்கும் என்பதற்கு உறுதி கிடையாது. ஒன்பதில் எடுத்து பத்தில் ஊர் மாறுவது மிகவும் சிக்கலான நிலை, அதே மொழி இருக்கும் பள்ளியைத் தேடித்தான் சேர வேண்டியிருக்கும். அப்படிப்பட்டவர்கள் போர்டு தேர்வுக்குத் தமிழையோ இந்தியையோ வைத்துக்கொண்டு, வெளிநாட்டு மொழியைப் பள்ளிக்கு வெளியே படித்து வெளித் தேர்வு எழுத வைப்பது நல்லது. மாற்றுச் சான்றிதழ் வாங்கும்போது, எந்த மொழியை எந்த வகுப்பிலிருந்து எந்த வகுப்புவரை படித்தார் என்று பள்ளித் தாளில் தனிக் கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள். சேர்க்கைக்குப் போகும் இடத்தில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.